மடிக்கணினியை விற்பதற்கு முன்: அழித்துவிட்டோம் என்று நாம் நினைப்பவை

என்னுடைய பழைய மடிக்கணினியை விற்றுவிடலாம் என்று அண்மையில் தீர்மானித்தேன். 2014 இல் வாங்கியது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், இரண்டு தடவை மாற்றிய பற்றரி, எழுத்துக்கள் பாதி தேய்ந்துபோன விசைப்பலகை. விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயதுக் கணினியில் ஏறாது. என்னைப்போலப் பலர் இப்போது பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது பார்க்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் விலை கேட்டேன். கடையில் நின்ற தம்பி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், அப்பிடியே தாங்கோ. நாங்கள் போர்மற் அடிச்சுத்தான் விக்கிறது."

அவர் பொய் சொல்லவில்லை. போர்மற் அடித்துத்தான் விற்பார்கள். ஆனால் நான் மடிக்கணினியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குக் காரணம் அதன் டி ட்ரைவில் இருந்தவை.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன்பாக, வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அந்த வருடம் முழுவதும் நான் அங்கேயும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அம்மாக்களோடு இருந்து பேசியிருக்கிறேன். குரல் பதிவுகள், அடையாள அட்டைகளின் படங்கள், ஆணைக்குழுக்களுக்கு அவர்கள் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், கடைசியாகக் கண்ட இடம், கையளித்த இடம், அப்போது பக்கத்தில் நின்றவர்களின் பெயர்கள் என எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. முல்லைத்தீவில் ஓர் அம்மா பதிவை ஆரம்பிக்க முன்னரே என்னிடம் சொன்னார்: "பேர் போடாதேங்கோ பிள்ளை. என்ரை மற்றப் பிள்ளை இஞ்சதான் இருக்குது." நான் பெயர் போடவில்லை. ஆனால் பெயர் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

பேஸ்புக்கில் ஒரு படத்தைப் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதுசெய்யப்பட்ட நாடு இது. நமது கணினியில் இருப்பது நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. அதில் நம்மை நம்பிக் கதைத்தவர்களும் இருக்கிறார்கள். நான் ஊடகவியலாளர் என்பதால் மட்டும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கணினியிலும் தம்பியின் அகதி விண்ணப்பக் கடிதம், அக்காவின் கடவுச்சீட்டுப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் படம், பிள்ளையின் சாமத்திய வீட்டு அல்பம் எல்லாம் இருக்கும்.

அழித்தால் எங்கே போகிறது?

ஒரு கோப்பை டிலீற் செய்து, றீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கினால், உண்மையில் நடப்பது மிகச் சிறிய வேலை. கணினி தன்னிடமுள்ள பட்டியலில் அந்தக் கோப்பின் பெயரை எடுத்துவிட்டு, 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது. கோப்பு இருந்த இடத்தைத் தொடுவதில்லை. காணிக் கந்தோரில் பதிவை வெட்டிவிட்டால் வளவில் நிற்கிற வீடு இடிந்துவிடாது அல்லவா? அப்படித்தான். வேறொன்று வந்து அந்த இடத்தில் எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். விரைவு போர்மற், அதாவது 'குயிக் போர்மற்', செய்வதும் ஏறக்குறைய இதுதான். பட்டியலைப் புதிதாக்கும், வளவைத் துப்புரவாக்காது.

2003 இல் அமெரிக்காவின் எம்ஐரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் தாங்கள் வாங்கிய 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளைப் பரிசோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கடனட்டை இலக்கங்கள், மருத்துவக் குறிப்புகள், தனிப்பட்ட கடிதங்கள் எல்லாம் கிடந்தன. போர்மற் செய்யப்பட்டவற்றிலிருந்தும் எடுத்தார்கள்.

இதை நானும் சோதித்துப் பார்த்தேன். முதல் நாள் என் மடிக்கணினியில் முக்கியமான எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, விண்டோஸின் 'ரீசெற்' வசதியைச் சாதாரணமாக ஓடவிட்டேன். புதிய கணினி போல 'வணக்கம்' சொல்லி எழும்பியது. பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நண்பர் ஒருவரின் கணினியில் கொழுவி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினோம். அது கோப்புகளின் பெயரையோ பட்டியலையோ பார்ப்பதில்லை. ஒரு படக்கோப்பு எப்படி ஆரம்பிக்கும் என்பது அதற்குத் தெரியும். டிஸ்க்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாசித்து, அப்படி ஆரம்பிக்கிற எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடும். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஆயிரக்கணக்கான படங்கள் வந்திருந்தன. அடையாள அட்டைகள் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருந்தன. நாங்கள் இருவரும் கணினி நிபுணர்கள் அல்ல.

துடைக்க முதல் எடுக்க வேண்டியவை

இந்த இடத்தில்தான் நான் என்னைப் பற்றி ஒரு விடயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயர் போட வேண்டாம் என்று சொன்ன அந்த அம்மாவிடம் மகனின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாடசாலைச் சீருடையோடு எடுத்த, பாஸ்போட் அளவுப் படம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் அல்பங்கள் எல்லாம் மாத்தளனோடு போய்விட்டன. இது மட்டும் அவருடைய கைப்பைக்குள் இருந்து தப்பியது. 2017 இல் அதை மேசையில் வைத்து என் போனில் படம் எடுத்திருந்தேன். 2018 டிசெம்பர் வெள்ளம் முல்லைத்தீவையும் கிளிநொச்சியையும் மூடியபோது அந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. சில மாதங்களின் பின் அழைத்தார். "பிள்ளை, நீங்கள் அண்டைக்குப் போனிலை எடுத்த படம் கிடக்கோ? தண்ணி வந்து எல்லாம் ஒட்டிப் போச்சுது." இருக்கிறது அம்மா, கொண்டு வாறன் என்றேன். கொண்டுபோகவில்லை. வேலை, பிறகு கொரோனா, பிறகு பெற்றோல் வரிசை. காரணங்கள் எப்போதும் இருக்கும்.

மடிக்கணினியைத் துடைக்க முதல் அந்தப் படத்தைத் தேடினேன். 'படங்கள்' என்ற கோப்புறையில் இல்லை. 'கிளிநொச்சி 2017' இல் இல்லை. கடைசியில், பழைய போனிலிருந்து அவசரத்துக்கு மொத்தமாகக் கொட்டி வைத்திருந்த பெயரற்ற கோப்புறை ஒன்றுக்குள், மின்சாரப் பட்டியல் ஒன்றின் படத்துக்கும் யாரோ ஒருவரின் கல்யாண அழைப்பிதழுக்கும் நடுவில் இருந்தது. இரண்டு மணித்தியாலம் தேடினேன். நான் முதல் பத்து நிமிடத்தோடு 'எல்லாம் எடுத்தாயிற்று' என்று நினைத்து ரீசெற் பொத்தானை அழுத்தியிருக்கக்கூடியவள்.

ஆகவே நினைவை நம்பித் தேடாதீர்கள். கோப்பின் வகையைக் கொண்டு தேடுங்கள். விண்டோஸின் தேடல் பெட்டியில் ஜேபிஜி, எம்பி3, எம்பி4, பிடிஎப், வேர்ட் என்று ஒவ்வொரு வகையாகக் கொடுத்தால் எந்த மூலையில் இருந்தாலும் வரும். டெஸ்க்ரொப், டவுன்லோட்ஸ், றீசைக்கிள் பின் மூன்றையும் கண்ணால் பாருங்கள். நம்மில் பலருக்கு டெஸ்க்ரொப்தான் அலுமாரி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் புதிய கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

எடுத்ததை எங்கே வைப்பது? ஒரு பென்ட்ரைவில் மட்டும் வைப்பதைப் பிரதி என்று சொல்ல மாட்டேன். அது தொலையும், பழுதாகும். குறைந்தது இரண்டு வெவ்வேறு பொருள்களில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். வெள்ளமும் தீயும் இடப்பெயர்வும் ஒரே வீட்டிலிருந்த இரண்டு பிரதிகளையும் ஒன்றாகக் கொண்டுபோகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூகுளில் 15 ஜிபி வரை இலவசம். ஆனால் இரண்டு வருடம் திறக்காமல் விட்ட தனிநபர் கணக்குகளைக் கூகுள் அழிக்கக்கூடும் என்ற விதி 2023 இலிருந்து இருக்கிறது. அப்பாவின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து படங்களைப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

வட்ஸ்அப்பில் வெளிநாட்டுச் சகோதரருக்கு அனுப்பினால் காப்பாற்றியாயிற்று என்று நினைப்பவர்களும் உண்டு. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த திகதி, நேரம், இடம் போன்ற உள்விபரங்களும் போய்விடும். 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பினால் அசல் அப்படியே போகும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ என்றாவது கொடுக்க வேண்டி வரக்கூடிய படம், காணொளி என்றால் அசல் கோப்பை வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் தனியாக வையுங்கள். ஏற்கெனவே ஒரு வழக்கிலோ விசாரணையிலோ சம்பந்தப்பட்ட கணினி என்றால் சட்டத்தரணியிடம் கேட்காமல் அதைத் துடைக்கவே வேண்டாம்.

துடைக்கும் வேலை

முதலில் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். குரோமில் சேமித்திருக்கும் கடவுச்சொற்கள்தான் பெரிய ஆபத்து. போனில் வட்ஸ்அப்பைத் திறந்து 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதிக்குப் போனால் பழைய கணினி அங்கே நிற்கும், அதை நீக்கிவிடுங்கள். வைபர், ரெலிகிராம், சிக்னல் எதுவானாலும் அப்படியே. ஜீமெயில் கணக்கின் பாதுகாப்புப் பகுதியிலும் மைக்ரோசொப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலும் அந்தக் கணினியை அகற்றுங்கள்.

விண்டோஸ் 11 இல் செற்றிங்ஸ், சிஸ்ரம், ரிக்கவரி என்று போக வேண்டும். விண்டோஸ் 10 என்றால் செற்றிங்ஸில் 'அப்டேற் அன்ட் செக்கியூரிற்றி' என்பதற்குள் ரிக்கவரி இருக்கும். அங்கே 'ரீசெற் திஸ் பிசி' என்பதைத் தொடங்கினால் இரண்டு தெரிவு வரும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். நான் முதல் நாள் விட்ட பிழை இதற்கு அடுத்த படியில்தான். அங்கே 'சேஞ்ச் செற்றிங்ஸ்' என்று சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். அதைத் திறந்தால் 'கிளீன் டேற்றா' என்ற ஆளி இருக்கும். அது வழக்கமாக அணைந்தே இருக்கும். அதைப் போட்டால்தான் கணினி காலி இடத்தின் மீது எழுதித் துடைக்கும்.

அதே இடத்தில் இன்னோர் ஆளி, எல்லா ட்ரைவ்களிலும் உள்ள கோப்புகளையும் அழிக்கவா என்று கேட்பது. நம்முடைய ஊர்க் கடைகளில் கணினி வாங்கும்போதே ஹார்ட் டிஸ்க்கை சி, டி, சிலவேளை ஈ என்று பிரித்துத்தான் தருவார்கள். 'விண்டோஸ் பழுதானாலும் டி தப்பும்' என்பது கடைக்காரரின் நல்ல புத்தி. ஆனால் விற்கும்போது அதே டி ட்ரைவ் கல்யாணப் படத்தோடும் கடவுச்சீட்டோடும் அப்படியே போய்விடும். இந்த ஆளியையும் போட மறக்காதீர்கள்.

500 ஜிபிக்கு எனக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. சார்ஜரைக் கொழுவி வையுங்கள். பற்றரி செத்த மடிக்கணினி என்றால் மின்வெட்டு வராத நேரமாகப் பாருங்கள். இடையில் நின்றால் திரும்ப முதலில் இருந்து செய்ய வேண்டியதுதான். முடிந்து, மொழியையும் நாட்டையும் கேட்கும் முதல் திரை வந்ததும் அப்படியே மூடிவிடுங்கள். 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று உங்கள் கணக்கைப் போட்டுத் திறந்தால் செய்த வேலை வீண்.

விண்டோஸ் 7 இல் இந்த வசதி இல்லை. டி ட்ரைவை முழுமையாகத் துடைக்க, போர்மற் பெட்டியில் 'குயிக் போர்மற்' என்பதற்கு முன்னுள்ள சரியை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். விஸ்ராவிலிருந்து முழு போர்மற் என்பது டிஸ்க் முழுவதும் பூச்சியங்களை எழுதுகிறது. விண்டோஸ் இருக்கும் சி ட்ரைவை அதற்குள் இருந்துகொண்டே இப்படிச் செய்ய முடியாது. அதற்கு டிபான் போன்ற இலவசக் கருவியைப் பென்ட்ரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்க வேண்டும்.

எத்தனை தடவை எழுத வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். 35 தடவை என்று இணையத்தில் ஒரு கதை உலாவுகிறது. அது 1996 இல், அந்தக் காலத்து டிஸ்க்குகளை வைத்து எழுதப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒழுங்கான ஒரு தடவை போதும் என்பதே அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ற் 2014 இல் வெளியிட்ட வழிகாட்டியின் நிலைப்பாடு.

எஸ்எஸ்டி இருந்தால் கதை வேறு. அது தேய்மானத்தைக் குறைப்பதற்காக ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் இடம் மாற்றி மாற்றி எழுதும். நமக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்திருக்கும் பகுதியும் உண்டு. மேலால் எழுதினால் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் அலுவலகப் பாவனை மடிக்கணினிகள் பலவற்றில் பயோஸ் திரையிலேயே டிஸ்க்கைத் துடைக்கும் வசதி உண்டு. அல்லது எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளில் 'செக்கியூர் இரேஸ்' இருக்கும். இவையே சரியான வழி. இரண்டும் இல்லையென்றால் முதலில் பிட்லொக்கர் அல்லது வெராகிரிப்ற் கொண்டு முழு டிஸ்க்கையும் பூட்டி, பயன்படுத்திய பகுதியை மட்டும் என்ற தெரிவை விட்டுவிட்டு முழுவதையும் தெரிவுசெய்து, அதற்குப் பிறகு ரீசெற் செய்யுங்கள். திறப்பு இல்லாத பூட்டு உள்ளே இருப்பதைக் காக்கும். புதிதாக வாங்கும் கணினியை முதல் நாளே இப்படிப் பூட்டிவிட்டால், விற்கும் நாளில் வேலை மிச்சம். ஆனால் திறப்புக் குறியீட்டை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அது தொலைந்தால் உங்களுக்கும் திறக்காது.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ அண்ணா அனுப்பிவிட்ட மக்புக் என்றால் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. அவர் தன் அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறாமல், 'பைன்ட் மை' என்பதை அணைக்காமல் அனுப்பியிருப்பார். அழித்தாலும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அவரைத் தொலைபேசியில் பிடிக்க முடிகிற காலத்திலேயே அதைச் செய்விக்க வேண்டும். ஓரளவு புதிய மக்புக்குகளில் 'இரேஸ் ஓல் கொன்ரென்ற் அன்ட் செற்றிங்ஸ்' என்ற ஒரே வேலையில் எல்லாம் முடிந்துவிடும்.

எழும்பாத கணினியைப் பழைய இரும்புக்காரருக்குப் போடுவோரும் உண்டு. திரை உடைந்தால், தாய்ப்பலகை எரிந்தால், டிஸ்க் சாவதில்லை. பழைய மடிக்கணினிகளில் பின்பக்கம் சில ஆணிகளைக் கழற்றினால் டிஸ்க் கையோடு வந்துவிடும். அதைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். நல்ல நிலையிலுள்ள கணினிக்கும் நான் இதையே முதல் சிபாரிசாகச் சொல்வேன். டிஸ்க் இல்லாமல் கொடுத்தால் விலை சற்றுக் குறையும். ஆனால் அந்த டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேசிங்கில் போட்டு வீட்டில் வைத்துப் பாவிக்கலாம்.

நானும் கடைசியில் அப்படித்தான் செய்தேன். இரண்டாவது தடவை ஒழுங்காகத் துடைத்து, நண்பரின் கணினியில் போட்டோரெக்கைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, விண்டோஸோடு வந்த சின்னச் சின்னப் படங்களைத் தவிர வேறெதுவும் வராததைக் கண்ட பிறகும், டிஸ்க்கைக் கொடுக்க மனம் வரவில்லை. கடைத் தம்பி சிரித்தார். மூவாயிரம் ரூபா குறைத்துக்கொண்டு எடுத்தார்.

அந்தப் பணத்தில் முதல் செலவு முல்லைத்தீவுக்கு பஸ். ஸ்ரூடியோவில் கொடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை லமினேற் செய்திருந்தேன். அம்மா மெலிந்து போயிருந்தார், கண் சரியாகத் தெரிவதில்லை என்றார். படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சீருடையின் கழுத்துப் பட்டியைத் தடவினார். அந்த உடுப்பைத் தான்தான் தைத்ததாகச் சொன்னார்.

கிளம்பும்போது கேட்டார்: "இது உங்கடை பெட்டிக்குள்ளையும் கிடக்குதோ பிள்ளை?"

அந்தப் பெட்டியை விற்றுவிட்டேன் அம்மா, வேறு இரண்டு இடத்தில் பூட்டி வைத்திருக்கிறேன் என்றேன்.

"அப்ப மூண்டாவதா என்ரை மகளின்ரை போனிலையும் போட்டு விடுங்கோ."

டொக்கியுமென்ற் ஆக அனுப்பினேன்.